எஸ்டேட் காரா, குட்டி யானையா? கடைக்கு வண்டி வாங்குமுன் ஒரு கணக்கு

வியாபாரம் கொஞ்சம் காலூன்றியதும் ஒவ்வொரு வியாபாரிக்கும் வரும் முதல் ஆசை, சொந்தமாக ஒரு வண்டி. ஆரணியிலோ செங்குன்றத்திலோ அரிசி பேசி முடித்துவிட்டு, லோடு வண்டிக்காரர் வரும்வரை மண்டி வாசலில் நிற்கும்போது அந்த ஆசை இன்னும் வலுக்கிறது. "மாதம் முழுக்க வாடகையாகக் கொடுக்கும் பணத்தை டியூவாகக் கட்டினால், ஐந்து வருடத்தில் வண்டி நமக்குச் சொந்தமாகிவிடுமே" என்று மனம் கணக்குப் போடும். அந்தக் கணக்கு சில கடைகளுக்குச் சரியாக வரும். சில கடைகளுக்கு, கல்லாவில் புரள வேண்டிய பணம் வாசலில் வண்டியாக நிற்கும்.

எனவே வண்டி வாங்குவது என்பது எந்த வண்டி என்ற கேள்வி மட்டுமல்ல. எந்தச் சரக்குக்கு, எத்தனை நடைக்கு என்ற கேள்வியும் கூட. பழைய எஸ்டேட் காரையும் இன்றைய லோடு வண்டியையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தால் இது நன்றாக விளங்கும்.

இரு வேலைக்கு ஒரு வண்டி

எஸ்டேட் கார் என்பது சாதாரணக் காரின் கூரையைப் பின்பக்கம் வரை நீட்டி, டிக்கிக்குப் பதிலாகப் பெரிய பின்கதவு வைத்த வண்டி. பின் இருக்கையை மடக்கினால் நீளமான இடம் கிடைக்கும். இந்துஸ்தான் மோட்டார்ஸ் தனது அம்பாசடரில் இந்த வகையையும் தயாரித்தது. அம்பாசடர் உற்பத்தி 2014 மே மாதத்தோடு நின்றுவிட்டாலும், கடைத்தெருவில் அந்த வண்டிக்கு இருந்த மதிப்பைப் பழைய வியாபாரிகள் மறக்கவில்லை. காரணம் எளிது. கார் வாங்குவதே பெரிய காரியமாக இருந்த காலத்தில் வீட்டுக்கு ஒன்று, கடைக்கு ஒன்று என்று இரண்டு வண்டி வாங்க யாரால் முடியும்? வாரத்தில் ஆறு நாள் சரக்கு, ஏழாம் நாள் குடும்பத்தோடு கோயில் என்று ஒரே வண்டி இரண்டு வேலையும் பார்த்தது.

1992-ல் டாட்டா நிறுவனம் 'டாட்டா எஸ்டேட்' என்ற பெயரிலேயே ஒரு வண்டியைக் கொண்டுவந்தது. 1948 சி.சி. டீசல் எஞ்சின், பவர் ஜன்னல் என்று அந்நாளைக்கு அது வசதியான வண்டி. நம் ஒப்பீட்டுக்கு மிகவும் பொருத்தமான செய்தி ஒன்று உண்டு. அந்த எஸ்டேட் ஒரு காரிலிருந்து பிறந்ததல்ல. 1988-ல் அதே நிறுவனம் விற்பனைக்கு விட்ட 'டாட்டா மொபைல்' பிக்கப் வண்டியின் சேஸிஸை வைத்துத்தான் அதைக் கட்டினார்கள். அதாவது கீழே எலும்புக்கூடு ஒன்று. மேலே உடல் இரண்டு. ஒன்று இருக்கையும் கண்ணாடியும் போட்டுக் குடும்ப வண்டியானது. மற்றொன்று திறந்த தொட்டியோடு சரக்கு வண்டியானது.

இரண்டில் எது நிலைத்தது? எஸ்டேட் பத்து வருடம்கூட முழுமையாக ஓடாமல் சந்தையிலிருந்து விலகியது. பிக்கப்போ 207 என்ற எண்ணோடு ஊர் ஊராகப் பரவி நெடுங்காலம் உழைத்தது. எஸ்டேட்டின் விலையைக் கொடுக்க முடிந்தவர் முழுக் காரையே விரும்பினார். சரக்கு ஏற்ற வேண்டியவருக்கு அந்த விலை கட்டவில்லை. இரு வேலைக்கும் பொதுவான வண்டிக்கு இரு பக்கமும் ஆள் குறைந்தது.

குட்டி யானை வந்த கதை

2005 மே மாதம் டாட்டா ஏஸ் வந்தது. இரண்டு சிலிண்டர், சுமார் 700 சி.சி. டீசல் எஞ்சின், முக்கால் டன் சுமை, சுமார் இரண்டேகால் லட்சம் ரூபாய் விலை. உருவம் சிறிது, ஏற்றும் சுமை பெரிது என்பதால் நம் மக்கள் அதற்குக் 'குட்டி யானை' என்று பெயர் வைத்தார்கள். 12 ஆண்டுகளில் 20 லட்சம் வண்டிகள் விற்றன என்றால், இந்தியாவின் சின்னக் கடைகளுக்கு அது எவ்வளவு தேவைப்பட்டது என்பது புரியும்.

அது வந்த நேரமும் முக்கியம். தங்க நாற்கரச் சாலைத் திட்டத்தில் நம் ஊர் பக்கமாகப் போகும் சென்னை - பெங்களூர் நெடுஞ்சாலை அகலமானது. பெரிய லாரிகள் நெடுஞ்சாலையில் வேகமாக ஓடின. ஆனால் ஊருக்குள், சந்து பொந்துக்குள் அவற்றால் நுழைய முடியாது. மூன்று சக்கர லோடு ஆட்டோவால் வெளியூருக்குப் பாரத்தோடு நம்பிப் போகவும் முடியாது. அந்த இடைவெளியைத்தான் நான்கு சக்கரச் சின்ன வண்டி நிரப்பியது.

பின்பு 2011-ல் அசோக் லேலண்டின் 'தோஸ்த்' வந்தது. ஓசூரில் தயாராகும் இவ்வண்டியில் மூன்று சிலிண்டர் எஞ்சின், ஒன்றேகால் டன் சுமை. மகிந்திராவின் பொலேரோ பிக்கப் இன்னும் கனமான சுமைக்கும் தொலைதூரத்துக்கும் பெயர் வாங்கியது. ஆக, இன்று முக்கால் டன்னிலிருந்து ஒன்றரை டன்னுக்கு மேல் வரை, அவரவர் சரக்குக்குத் தக்க வண்டி இருக்கிறது.

எடை ஒரு பக்கம், விலை ஒரு பக்கம்

இப்போது சரக்கை ஏற்றிப் பார்ப்போம். 25 கிலோ அரிசிச் சிப்பத்தை அளவுகோலாக வைத்துக்கொள்வோம். முக்கால் டன் வண்டியில் 30 சிப்பம் ஏறும். ஒன்றேகால் டன் வண்டியில் 50 சிப்பம். ஐந்து பேர் உட்காரும் எஸ்டேட் காரில் எத்தனை? அந்த வண்டி தாங்க வேண்டிய பாரம் ஐந்து ஆட்களும் அவர்கள் பெட்டி படுக்கையும்தான். ஓட்டுபவரும் உடன் ஒருவரும் போக, மூன்று ஆட்கள் எடையும் பெட்டிகளின் எடையும் மிச்சம். பத்து சிப்பத்தோடு அது முடிந்துவிடும். இடம் இருக்கிறதே என்று இருபது சிப்பம் அடுக்கினால், பின்பட்டை அமுங்கி முன்சக்கரம் லேசாகும். ஸ்டியரிங் பிடி தளரும். திடீர் பிரேக் போட்டால் சிப்பம் முன்பக்கம் பாயும். நடுவில் தடுப்பு இல்லாத வண்டியில் அது ஓட்டுபவரின் முதுகில்தான் வந்து விழும்.

ஏற்றி இறக்கும் கூலியையும் பார்க்க வேண்டும். லோடு வண்டியின் பக்கப் பலகைகளை இறக்கினால் மூன்று பக்கமும் ஆள் நின்று வேலை செய்யலாம். எஸ்டேட்டில் பின்கதவு ஒன்றே வழி. குனிந்து, உள்ளே தள்ளி, மறுபடி குனிந்து இழுக்க வேண்டும். எண்ணெய் டின் கசிந்தால் விரிப்போடு போயிற்று. பூண்டும் பெருங்காயமும் ஏற்றி வந்த வண்டியில் மறுநாள் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு கல்யாணத்துக்குப் போனவர்களுக்கு அந்தச் சங்கடம் தெரியும்.

ஆனால் மளிகையை மட்டும் வைத்து எஸ்டேட்டைக் குறை சொல்லிவிட முடியாது. நம் ஊர் பட்டு ஊர். காந்தி ரோடு கடைக்கும், பிள்ளையார்பாளையம் தறிக்கும், ஐயம்பேட்டைக்கும் போய் வரும் சரக்கின் கணக்கே வேறு. நூறு பட்டுச் சேலை சேர்ந்தாலும் அதன் எடை நாலைந்து அரிசிச் சிப்பத்துக்குள் அடங்கிவிடும். அதன் விலையோ பல லட்சம். பெங்களூர்ப் பக்கமிருந்து வரும் பட்டு நூலும், சூரத்திலிருந்து வரும் சரிகையும் அப்படியே. இவற்றுக்கு வேண்டியது இடமும் பாரமும் அல்ல, பூட்டும் கூரையும். வெயிலில் நிறம் மங்கக்கூடாது, மழையில் ஒரு சொட்டு படக்கூடாது. தார்ப்பாய் கட்டிய திறந்த வண்டியில் ஐப்பசி மழையில் பட்டு ஏற்றி அனுப்ப யாருக்குத் துணிவு வரும்? இந்த வேலையை எஸ்டேட் கார் அழகாகச் செய்தது. இன்று பட்டு வியாபாரி லோடு வண்டி வாங்கினாலும், பெட்டி போல மூடிய, பூட்டுள்ள வண்டியாக வாங்குவதே முறை.

எடை கனத்து விலை மெலிந்த சரக்குக்குத் திறந்த லோடு வண்டி. எடை மெலிந்து விலை கனத்த சரக்குக்கு மூடிய வண்டி. எஸ்டேட்டா லோடு வண்டியா என்ற வாதம் பாதிக்கு மேல் இதிலேயே தீர்ந்துவிடுகிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

மீதிப் பாதியைத் தீர்ப்பது ஆர்.சி. புத்தகமும் இன்சூரன்ஸ் பாலிசியும்தான். நம்மில் பலர் இவற்றை வாங்கி மேசை அறையில் வைப்பதோடு சரி. விபத்து நடந்த அன்றுதான் படிக்கிறோம்.

எஸ்டேட் கார் சொந்த உபயோகக் காராகப் பதிவாகும் வண்டி. அப்படிப்பட்ட காரின் பாலிசியில் 'உபயோக வரம்பு' என்று ஒரு பகுதி இருக்கும். சாம்பிளும் சொந்தப் பெட்டிகளும் தவிர, சரக்கு ஏற்றுவதற்கு அதில் இடமில்லை. அரிசி மூட்டையோடு வண்டி மோதினால், நஷ்டஈடு கேட்கும்போது கம்பெனி இந்த வரியைக் காட்ட முடியும்.

லோடு வண்டிக்கு இதன் மறுபக்கம் உண்டு. சரக்கு வண்டியில் சரக்கின் சொந்தக்காரரோ அவர் அனுப்பிய ஆளோ போகலாம். சட்டப்படியான காப்பீடு அவர்களுக்கு உண்டு. ஆனால் பௌர்ணமிக்குத் திருவண்ணாமலை என்றும், காது குத்து என்றும் தொட்டியில் இருபது பேரை உட்கார வைத்து அனுப்பினால், அவர்களுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. வண்டிக்காரர் தன் சொத்தை விற்று ஈடு கொடுக்க வேண்டிய நிலை வரலாம். உறவினர் கேட்கிறார்களே என்று தாட்சண்யம் பார்க்கக்கூடாத இடம் இது.

பெர்மிட் விஷயத்தில் சின்ன வண்டிக்குச் சலுகை இருக்கிறது. வண்டியின் எடையும் சுமையும் சேர்ந்த மொத்த எடை 3,000 கிலோவைத் தாண்டாத சரக்கு வண்டிக்கு, 1988 மோட்டார் வாகனச் சட்டப்படி பெர்மிட் தேவையில்லை. குட்டி யானை இந்த வரம்புக்குள் அடங்கும். பெரிய பிக்கப்புகள் சில இதைத் தாண்டும். வாங்கும் முன் மொத்த எடையைக் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

லைசென்ஸ் பற்றிய குழப்பமும் தீர்ந்துவிட்டது. மொத்த எடை 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டியை, இலகுரக வாகன லைசென்ஸ் வைத்திருப்பவரே ஓட்டலாம் என்று உச்சநீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 2024 நவம்பர் 6 அன்று உறுதி செய்தது. கார் ஓட்டும் லைசென்ஸ் உள்ள நம் பையனே கடை வண்டியை ஓட்டலாம்.

எஃப்.சி.யில்தான் இரண்டும் மிகவும் வேறுபடுகின்றன. சொந்தக் காருக்கு முதல் 15 வருடம் கவலையில்லை. பிறகு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். சரக்கு வண்டிக்கு எட்டு வருடம் வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, அதன் பிறகு ஆண்டுதோறும் எஃப்.சி. காட்ட வேண்டும். பழைய எஸ்டேட் ஒன்றை மலிவாக வாங்க நினைப்பவர்களும் ஒன்று கவனிக்க வேண்டும். 15 வருடம் கடந்த காரின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்ந்தது. 20 வருடம் கடந்த வண்டிகளுக்கு 2025-ல் மேலும் உயர்த்தப்பட்டது. உதிரி பாகம் தேடி அலைவது தனிச் செலவு.

அதிக பாரம் ஏற்றுவதைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. 2019 திருத்தத்துக்குப் பின் அதிக பாரத்துக்கு அபராதம் 20,000 ரூபாய்; கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் இன்னும் 2,000 ரூபாய். பத்து சிப்பம் கூடுதலாக ஏற்றி மிச்சம் பிடிக்கும் வாடகை, இந்த அபராதத்தில் ஒரே நாளில் போய்விடும்.

வரிக் கணக்கில் கிடைக்கும் லாபம்

ஜி.எஸ்.டி. முறைப்படி கட்டும் வியாபாரிக்கு லோடு வண்டியில் ஒரு பெரிய அனுகூலம் உண்டு. ஆட்கள் போகும் காருக்குக் கட்டிய வரியை உள்ளீட்டு வரி வரவாக எடுக்கச் சாதாரண வியாபாரிக்குச் சட்டம் இடம் தரவில்லை. சரக்கு ஏற்றும் வண்டிக்கு இடம் தருகிறது. சரக்கு வண்டிக்கான வரி 2025 செப்டம்பர் 22 முதல் 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. வரிக்கு முந்தைய விலை 4 லட்சம் என்று வைத்துக்கொண்டால் வரி 72,000 ரூபாய். அந்தத் தொகை, நாம் கட்ட வேண்டிய விற்பனை வரியில் கழியும்.

ஆனால் சில நிபந்தனைகள் உண்டு. தொகுப்பு வரித் திட்டத்தில் இருப்பவருக்கு இது கிடையாது. வரி இல்லாத அரிசி, பருப்பு சில்லறையாக விற்பவருக்கு அந்த விற்பனையின் பங்குக்குக் குறையும். வரித் தொகையையும் சேர்த்து வண்டிக்குத் தேய்மானம் காட்டிவிட்டு வரவும் எடுக்க முடியாது. வண்டி புக் செய்வதற்கு முன் ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது உத்தமம்.

சொந்த வண்டி ஆனாலும் சரக்கோடு பில் இருக்க வேண்டும். தமிழ்நாட்டுக்குள் ஒரு லட்சம் ரூபாய்க்கு மேலும், மாநிலம் தாண்டினால் 50,000 ரூபாய்க்கு மேலும் வரிக்கு உட்பட்ட சரக்குக்கு இ-வே பில் வேண்டும். அரிசி வண்டியைவிடப் பட்டு வண்டிக்குத்தான் இது அதிகம் பொருந்தும். பத்துப் பதினைந்து சேலையிலேயே வரம்பு தாண்டிவிடும்.

எத்தனை நடை?

இனி முக்கியமான கணக்கு. இங்கே சொல்லும் தொகைகள் கணக்கு விளங்குவதற்காக வைத்தவை. அவரவர் தொகையைப் போட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மாத டியூ 10,000, டிரைவர் சம்பளம் 15,000, இன்சூரன்ஸ், எஃப்.சி., டயர், சர்வீஸ் எல்லாம் சேர்த்து மாதத்துக்கு 4,000 என்று வைத்துக்கொள்வோம். வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும் மாதம் 29,000 ரூபாய் செலவு. ஒரு நடைக்கு வெளி வண்டி வாடகை 1,200 ரூபாய், அதே நடையைச் சொந்த வண்டியில் ஓட்ட டீசல் 400 ரூபாய் என்றால், சொந்த வண்டியால் நடைக்கு 800 ரூபாய் மிச்சம். 29,000-ஐ 800-ஆல் வகுத்தால் மாதம் 37 நடை ஓடினால்தான் கட்டும். மாதம் பத்து நடை மட்டும் உள்ள கடைக்குச் சொந்த வண்டி ஒரு சுமை.

டிரைவர் வேண்டாம், நாமே ஓட்டுவோம் என்றால் நிலையான செலவு 14,000 ஆகும். 18 நடை போதும். ஆனால் நாம் ஸ்டியரிங்கில் உட்கார்ந்திருக்கும் நேரத்தில் கல்லாவில் யார் உட்காருவது? வாடிக்கையாளர் முகம் பார்த்துப் பேசுவது யார்? வீட்டில் உதவிக்கு ஆள் இருக்கும் கடைக்கே இந்தக் கணக்கு பொருந்தும்.

திரும்பும் நடையையும் பார்க்க வேண்டும். கோயம்பேட்டுக்குச் சுமார் 75 கிலோமீட்டர் காலியாகப் போய்ப் பாதிச் சுமையோடு திரும்பும் வண்டியில், நம் சரக்கின் மேல் இரட்டிப்பு டீசல் ஏறுகிறது. பக்கத்துக் கடைகள் இரண்டு மூன்று சேர்ந்து ஒரே நாளில் கொள்முதலை வைத்துக்கொண்டு, முழு லோடாகக் கொண்டுவந்து வாடகையைப் பகிர்ந்துகொள்வது பல சிறு கடைகளுக்குச் சொந்த வண்டியைவிட லாபம். சங்கம் வழியாக இதை ஏற்பாடு செய்துகொள்ளவும் இடமிருக்கிறது.

நம் ஊருக்கென்று ஒரு கணக்கு

கோயில் ஊரில் கடை வைத்திருப்பவர்களுக்கு வேறு ஊர் வியாபாரிகளுக்கு இல்லாத கஷ்டம் ஒன்று உண்டு. வைகாசியில் வரதராஜப் பெருமாள் கருட சேவை, பங்குனியில் ஏகாம்பரநாதர் உற்சவம் என்று வீதிகள் சுவாமிக்கும் பக்தர்களுக்கும் உரியவை ஆகிவிடுகின்றன. 2019-ல் ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை 48 நாள் அத்திவரதர் தரிசனத்தின்போது ஊருக்குள் போக்குவரத்துக் கட்டுப்பாடு எப்படி இருந்தது என்பது நமக்குத் தெரியும். விற்பனை அதிகம் உள்ள நாளில்தான் வண்டி நுழைய முடியாத நிலையும் வருகிறது. இப்படிப்பட்ட ஊருக்குக் குறுகிய, சட்டென்று திரும்பும் சின்ன வண்டி ஏற்றது. விடியுமுன் ஒரு நடை அடித்துச் சரக்கை இறக்கிவிட்டு வெளியேறலாம். ராஜ வீதிகளைச் சுற்றியே வியாபாரம் உள்ளவர் நீளமான பிக்கப்பை வாங்கி நிறுத்த இடம் தேடுவதைவிட, முக்கால் டன் வண்டியில் இரண்டு நடை அடிப்பது சுலபம்.

முடிவாக

எஸ்டேட் கார் நம் முந்தைய தலைமுறைக்கு ஏற்ற வண்டி. வீடும் கடையும் ஒரே பணப்பெட்டியில் நடந்த காலத்தில், இரண்டுக்கும் பொதுவாக அது உழைத்தது. இன்று பாலிசியும் வரிச் சட்டமும் வீட்டு வண்டியை வேறாகவும் கடை வண்டியை வேறாகவும் பார்க்கின்றன. கணக்கை நாமும் அப்படிப் பிரித்தே ஆக வேண்டும்.

எனவே வண்டி வாங்க நினைக்கும் உறுப்பினர்கள் முதலில் மூன்று மாதத்துக்கு ஒரு நோட்டுப் போட்டு, ஒவ்வொரு நடையையும் எழுதி வையுங்கள். தேதி, சரக்கின் எடை, சரக்கின் விலை, தூரம், கொடுத்த வாடகை என்று ஐந்து கட்டம் போதும். எடை கனமாக, நடை அதிகமாக இருந்தால் லோடு வண்டி வாங்கலாம். எடை குறைவு, விலை அதிகம் என்றால் சிறிய மூடிய வண்டி. நடையே குறைவு என்றால் வாடகை வண்டிதான் நமக்குச் சொந்த வண்டி. மிச்சமாகும் பணம் சரக்காகக் கடைக்குள் இருக்கட்டும். பக்கத்துக் கடைக்காரர் வாங்கிவிட்டார் என்பதற்காக மட்டும் வாங்க வேண்டாம். அவர் நோட்டு வேறு, நம் நோட்டு வேறு.